கும்பப்பேட்டையும் கிரிப்பூரும்: கேத்லீன் கஃப் கண்ட தஞ்சை

மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சை மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் 1951 முதல் 1953 வரை ஆய்வு செய்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1976-இல், அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார். ஒன்று தஞ்சை நகருக்கு அருகே அக்ரகாரத்தைச் சுற்றி அமைந்த ஊர். மற்றது நாகப்பட்டினத்துப் பக்கம், பிராமணர் அல்லாத நிலக்காரர்களின் ஊர். முதல் ஊருக்குக் கும்பப்பேட்டை என்றும் இரண்டாவதற்குக் கிரிப்பூர் என்றும் அவரே பெயர் வைத்தார். ஊர் மக்கள் அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மானிடவியலாளர்கள் கைக்கொள்ளும் வழக்கம் இது. எந்த வரைபடத்திலும் இல்லாத இந்த இரண்டு பெயர்களாலேயே அந்த ஊர்கள் ஆய்வுலகில் அறியப்படுகின்றன. 1981-இல் வெளியான ‘ரூரல் சொசைட்டி இன் சவுத் ஈஸ்ட் இந்தியா’, 1989-இல் வெளியான ‘ரூரல் சேஞ்ச் இன் சவுத் ஈஸ்ட் இந்தியா’ ஆகிய இரண்டு தடித்த நூல்களும் இந்த ஊர்களைப் பற்றியவை. காவிரிப் படுகை எப்படி வெறும் நெல்வயலாக ஆனது, அந்த நெல் யாருக்குச் சோறு போட்டது, யாரைக் கப்பலேற்றியது என்பவை இவற்றின் மையக் கேள்விகள்.

கஃப் 1925-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஹன்சிங்கோர் என்ற சிற்றூரில் ஒரு கொல்லரின் மகளாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படித்து 1950-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், மலபாருக்கு வந்து நாயர் சமூகத்தின் தாய்வழி மருமக்கள்தாய முறையை ஆராயத் தொடங்கியிருந்தார். கணவன் மனைவி ஒரே வீட்டில் வாழாத அந்த மணமுறையைத் திருமணம் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியை எழுப்பி 1959-இல் அவர் எழுதிய கட்டுரை, உறவுமுறை ஆய்வில் இன்றளவும் தவிர்க்க முடியாத ஒன்று. அத்தோடு நின்றிருந்தால் உறவுமுறை வல்லுநர் என்ற பெயரோடு அமைதியாக ஓய்வு பெற்றிருப்பார். தஞ்சை அவரை வேறு பக்கம் இழுத்தது.

அவர் வந்து இறங்கிய நேரம் அப்படி. 1943-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து விவசாயிகளையும் பண்ணையாட்களையும் சங்கமாகத் திரட்டத் தொடங்கியிருந்தார். கீழத்தஞ்சையின் பெரும்பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வழங்கப்பட்ட காலம் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்காக முதலில் அவசரச் சட்டமும் பின்னர் சட்டமும் கொண்டுவந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றது அது. பண்ணையாளைக் காரணமின்றி வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றும் சொன்னது. ஆனால் ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு வேலி என்பது இருபது மா, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நிலத்தை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தவர்களும், சொந்தக்காரர் பெயரில் எழுதி வைத்தவர்களும் தப்பிக்க அந்த ஒரு வேலி போதுமானதாக இருந்தது. பல மிராசுதார்கள் பண்ணையாள் என்ற ஏற்பாட்டையே கைவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உழைத்தவர், அந்த வீட்டோடு எந்த உரிமையும் கடமையும் இல்லாத தினக்கூலியானார். பாதுகாக்க வந்த சட்டமே அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. இதை ஊருக்குள் இருந்தபடியே பார்க்க கஃபுக்கு வாய்த்தது.

இரு ஊர்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டிலிருந்தே அவருடைய ஆய்வு வளர்ந்தது. கும்பப்பேட்டையில் நிலமும் நீதியும் அக்ரகாரத்தின் கையில் இருந்தன. சேரியில் ஒருவர் தவறு செய்தால் விசாரணையும் தண்டனையும் அக்ரகாரத்திலிருந்தே வரும். 1952-இல் அந்தப் பிடி தளரத் தொடங்கியிருந்தது. சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிப் போன பிராமணக் குடும்பங்கள் நிலத்தை விற்றுக்கொண்டிருந்தன. கிரிப்பூரிலோ செங்கொடி ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. கூலியை மிராசுதார் ஒருவரே தீர்மானிக்கும் காலம் அங்கே முடிந்திருந்தது. ஒரே மாவட்டம், ஒரே ஆறு, ஒரே நெல். ஆனாலும் மேற்கே ஒரு சமூகம், கிழக்கே இன்னொன்று.

1950-களில் அவர் எழுதிய கட்டுரைகள் அக்காலப் பிரிட்டிஷ் மானிடவியலின் வார்ப்பில்தான் இருந்தன. சாதிகளின் வரிசை, சடங்கு, பிராமணக் குடும்பத்தின் உறவுமுறை என்றே அவை போகும். அடுத்த பத்தாண்டுகளில் அவர் மார்க்சியரானார். அதற்கான விலையையும் கொடுத்தார். 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அரசைக் கண்டித்துப் பேசியதால் பிராண்டைஸ் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு மோதல் ஏற்பட்டு அங்கிருந்து வெளியேறினார். பிறகு ஓரிகான் பல்கலைக்கழகம். மதிப்பெண் குறைந்த மாணவர்கள் வியட்நாம் போருக்கு அனுப்பப்படுவார்கள் என்ற நிலையில் மாணவர்களுக்கு மதிப்பெண் இடவே மறுத்தார். 1967-இல் கணவர் டேவிட் அபெர்லியோடு கனடா சென்று சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1969-இல் அங்கே அவருடைய துறை ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்து அந்த வேலையையும் இழந்தார். அதன்பின் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. அமெரிக்க உளவுத்துறை அவர்மேல் கோப்பு வைத்திருந்ததை டேவிட் பிரைஸ் என்ற ஆய்வாளர் பின்னாளில் ஆவணங்களோடு வெளியிட்டார். மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று 1968-இல் கஃப் எழுதியது அவர் துறையையே உலுக்கியது. பழங்குடியையும் கிராமத்தையும் ஆராய்ந்தவர்கள், அந்தக் கிராமத்தை ஆண்ட பேரரசை ஏன் ஆராயவில்லை என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்வியை அவர் முதலில் தன்னிடமே கேட்டுக்கொண்டார். 1950-களின் குறிப்பேடுகளை மீண்டும் எடுத்து, கும்பப்பேட்டையின் வறுமைக்குக் காரணத்தைக் கும்பப்பேட்டைக்கு வெளியே தேடினார். 1981-ஆம் ஆண்டு நூலின் மிக வலுவான பகுதி இந்தத் தேடலிலிருந்து பிறந்தது. தஞ்சை என்றாலே நெற்களஞ்சியம் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிப்போன நமக்கு அது கொஞ்சம் அதிர்ச்சி தருவது. நெல் எப்போதும் இங்கே விளைந்தது உண்மை. நெல் மட்டுமே என்ற நிலை பிறகு வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை காவிரிப் படுகை துணி நெய்யும் நாடாகவும் இருந்தது. சோழமண்டலக் கரையின் துணி கீழைத்தீவுகளுக்குப் போய் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாயிற்று. அந்த வாணிகத்துக்காகவே டச்சுக்காரர்கள் 1690-இல் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். டேனியர்கள் 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்தார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஐரோப்பியர் மூன்று பேர் அடுத்தடுத்துக் கோட்டை கட்டி உட்காரும் அளவுக்கு இந்தச் சிறிய கரையில் சரக்கு இருந்திருக்கிறது. கைக்கோளரும் சாலியரும் சௌராஷ்டிரரும் நெய்தார்கள். கடலோர மணலில் கிடைத்த இம்பூறல் வேர் துணிக்குச் சிவப்புச் சாயம் தந்தது. மயிலாடுதுறைக்குள் இன்று ஒரு பகுதியாகிவிட்ட கூறைநாட்டின் பெயர், மணப்பெண் உடுத்தும் கூறைப்புடவையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முறிவு ஒரே நாளில் வரவில்லை. ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து 1771-இலும் 1773-இலும் தஞ்சைமேல் படையெடுத்தார்கள். இரண்டாம் முறை நகரம் வீழ்ந்து மூன்றாண்டு நவாபின் கையில் இருந்தது. 1781-இல் ஹைதர் அலியின் படை வந்தது. ஊர்கள் காலியாயின. அதே ஆண்டு ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். 1799-இல் இரண்டாம் சரபோஜி ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1855-இல் அரச வம்சமே முடிந்தது. கம்பெனி ஆட்சியில் நிலவரி கறாராகப் பணமாக வசூலிக்கப்பட்டது. பணத்துக்காக நெல்லை விற்றாக வேண்டும். இங்கிலாந்தின் ஆலைத்துணியும் ஆலைநூலும் வரத் தொடங்கியதும் ஏற்றுமதித் துணிக்குச் சந்தை இல்லை. பின்னர், 1868-இல் ஜெர்மனியில் அலிசரின் என்ற செயற்கைச் சாயம் உருவாகி, சில ஆண்டுகளிலேயே சந்தையை நிறைத்தது. இம்பூறலுக்கும் வேலை இல்லாமல் போனது.

இந்த மாற்றத்தைத் தொழில்நசிவு என்கிறார்கள் பொருளாதார வரலாற்றாசிரியர்கள். ஆலை மூடப்பட்ட நகரத்தைத்தான் மேலைநாட்டில் அந்தச் சொல் நினைவூட்டும். தஞ்சையில் ஆலை வருவதற்கு முன்பே தொழில் போய்விட்டது. தறி நின்றபோது நெசவாளி வேறு தொழிலுக்குப் போக வழியில்லை. வயலுக்குத்தான் போக வேண்டும். வயலிலோ ஏற்கெனவே ஆள் மிகுதி. விளைந்த நெல்லோ இலங்கையின் தோட்டங்களுக்கும் போயிற்று. சில பத்தாண்டுகளில், நெல் போன அதே திசையில் மனிதரும் போனார்கள். 1843-இல் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிப்பது நின்றதால், பண்ணையை விட்டுப் போக வழி பிறந்தது. இலங்கையில் காப்பியும் பிறகு தேயிலையும், மலாயாவில் கரும்பும் பிறகு ரப்பரும் ஆள் கேட்டன. ஆள் திரட்டும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போனது. அந்த வழியில் 1926 முதல் ஓடிய ‘ரஜூலா’ கப்பலைச் சொல்லிக் கதை தொடங்கும் முதியவர்களைக் கீழத்தஞ்சையில் அண்மைக்காலம் வரை கேட்க முடிந்தது. துணி ஏற்றுமதி செய்த மாவட்டம், அரிசியையும் கூலிகளையும் ஏற்றுமதி செய்யும் மாவட்டமாயிற்று என்பது கஃபின் முடிவின் சாரம்.

இதை எல்லா வரலாற்றாசிரியரும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. சென்னை மாகாணத்தில் கைத்தறி அழிந்துவிடவில்லை, மலிவான ஆலைநூலை வாங்கி உள்ளூர்ச் சந்தைக்கு நெய்து பிழைத்தது என்பவர்கள் உண்டு. திருபுவனத்தின் பட்டுத் தறி அதற்குச் சாட்சி. சுவாமிமலையில் வெண்கலச் சிலையும் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கும் இன்றும் வார்க்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் சேர்ந்தும் மாவட்டத்தின் பெரும்பான்மையானவர்களுக்கு வேலை தரும் அளவில் இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய பொருள்களாக மிஞ்சினவே பிழைத்தன என்று சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே போன்ற ஓர் இழப்பு உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ம. சிங்காரவேலர் அதில் முன்னின்று சிறை சென்றார். ஒரு துறைமுக நகரம் தன் ஒரே பெரிய நவீனத் தொழிலை இழந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்குப் பழையபடி நடவும் அறுப்பும்தான்.

நீர் எப்படிச் சமூகத்தைப் பிரிக்கிறது என்பதையும் கஃப் கணக்கெடுத்துப் பார்த்தார். தஞ்சையின் வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பாசனம் எங்கே நிறைவாக இருந்ததோ அங்கே நிலமற்ற கூலிகளும் தலித் மக்களும் மிகுதியாக இருந்தார்கள். மழையை நம்பிய மேட்டுப் பகுதிகளில் சிறு விவசாயிகள் மிகுதி. வளமான வயல் வளமான வாழ்க்கையைத் தரும் என்ற பொது எண்ணத்துக்கு இது நேர் எதிர். ஆனால் காரணம் எளிது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் நன்செயின் மிகுவிளைச்சல் ஒருவரை உழைக்காமலே வாழவைக்கும். அப்படி வாழ்பவருக்கு உழைக்க வேறொருவர் வேண்டும். வாய்க்காலின் தலைமடையில் மிராசுதாரும், கடைமடையில் உப்புக்காற்றும் கூலிச் சண்டையும் என்று படுகை பிரிந்திருந்தது.

கீழத்தஞ்சையில் அந்தச் சண்டை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடித்தது. கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

1976-இல் கஃப் திரும்பி வந்தபோது பசுமைப்புரட்சி தஞ்சையில் வயதேறியிருந்தது. நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டீ. 27 குறுகிய காலத்தில் விளைந்ததால் குறுவை பரவியது. யூரியா, பூச்சிமருந்து, டிராக்டர், மோட்டார் பம்பு எல்லாம் வந்திருந்தன. மின்விளக்கு, பேருந்து, பள்ளிக்கூடம் என ஊர் முகம் மாறியிருந்தது. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பவர்களில் நிலமற்ற கூலிகளின் பங்கு முன்பைவிட அதிகம். வேலை நாள்கள் போதவில்லை. விளைச்சல் கூடிய அளவுக்குக் கூலிக்காரர் வீட்டுக் களத்தில் நெல் கூடவில்லை. அக்ரகாரத்தின் அதிகாரம் குறைந்து, நிலம் வாங்கிய நடுத்தரச் சாதியாரிடம் அது போயிருந்தது. சங்கம் வலுவாக இருந்த கிழக்கில் கூலிக்குப் பேரம் பேச முடிந்தது.

கஃபின் ஆய்வில் குறைகள் உண்டு. சோழர் காலத் தஞ்சையை மார்க்ஸ் சொன்ன ஆசிய உற்பத்தி முறைக்குள் பொருத்த அவர் எடுத்த முயற்சி, கல்வெட்டுகளைக் கணக்கெடுத்துப் பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் நில உடைமை வளர்ந்ததைக் காட்டிய நொபொரு கராஷிமாவின் ஆய்வோடு ஒத்துப்போவதில்லை. 1961-62-இல் தஞ்சைக்கு அருகே வேறொரு ஊரை ஆராய்ந்து அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட ஆந்த்ரே பெத்தேய், சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் தனித்தனியாக நகரக்கூடியவை என்றார். கஃபோ அவற்றை வர்க்கத்தில் கொண்டுபோய் முடிச்சிடுவார். சுற்றுச்சூழலை அவர் தனித் தலைப்பாக எடுக்கவும் இல்லை. நீர், உப்பு, மண் எல்லாம் அவர் எழுத்தில் உழைப்பின் பின்னணியாக வருபவை.

அவர் 1990-இல் வான்கூவரில் இறந்தார். நீர், உப்பு, மண் என்ற அந்தப் பின்னணி தஞ்சைக் களத்தின் முன்வரிசைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் அதன் இடைக்கால ஆணை தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இறுதி அளவை 177.25 ஆக்கியது. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு என்ற ஆண்டுக்கணக்கு பல ஆண்டுகள் பொய்த்தது.

கடைமடையில் வேறொரு வகை மோதல். 1990-களின் தொடக்கத்தில் நாகை, வேதாரண்யம் கரையில் வயல்களையும் உப்பளங்களையும் வாங்கி இறால் பண்ணைகள் வெட்டினார்கள். குளத்து உப்புநீர் அண்டை வயலுக்கும் கிணற்றுக்கும் கசிந்தது. பத்து ஏக்கர் நெல்வயலுக்கு நடவு, களை, அறுப்பு என்று எத்தனையோ பேர் வேண்டும். அதே பத்து ஏக்கர் இறால் குளத்துக்குக் காவலாள் சிலர் போதும். காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த நவீன இறால் பண்ணைகளை மூட உத்தரவிட்டது. அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதியில் தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்துவந்தது. கூலிச் சண்டை நடந்த அதே மண்ணில் உப்புச் சண்டையையும் அவர்களே நடத்த நேர்ந்தது.

அடுத்து எரிவாயு. மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2010-இல் உரிமம் கிடைத்தது. நிலக்கரிப் படிவத்திலுள்ள நிலத்தடி நீரை முதலில் இறைத்து வெளியேற்றினால்தான் மீத்தேன் வரும். டெல்டாவில் அதற்கு என்ன பொருள் என்று ஊர் ஊராகப் போய் விளக்கிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பயணத்தின்போதே 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைக்கு அருகே காலமானார். 2015-இல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017 பிப்ரவரியில் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல், ஜூன் 30-இல் எண்ணெய்க் குழாய் கசிந்த கதிராமங்கலம் என்று போராட்டம் தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வும் உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவையும் அதில் தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். 2023 ஏப்ரலில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி உள்ளிட்ட மூன்று பகுதிகள் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன.

இந்தப் போராட்டங்களின் முழக்கம் விவசாயி என்ற ஒற்றைச் சொல்லில் நின்றது. கஃபின் கணக்கேட்டில் அந்தச் சொல்லுக்குள் மிராசுதார், குத்தகைதாரர், வாரக்காரர், கூலி என்று நான்கு பேர் இருந்தார்கள். எண்ணெய், எரிவாயுத் துளைக்கிணற்றுக்கு நிலம் கொடுத்தால் இழப்பீடு பட்டாதாரருக்குப் போகும். அந்த வயலில் நட்ட பெண்ணுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பந்தலில் பெண்கள் பெருமளவில் உட்கார்ந்தார்கள். நிலம் இல்லாதவர்களுக்கும் குடிநீர் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது என்பதே அதற்குக் காரணம்.

அறுவடை இயந்திரம் வந்தபின் டெல்டாவின் இளைஞர்கள் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். தறி நின்றதால் வயலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் மீண்டும் துணித் தொழிலில், ஆனால் வேறு மாவட்டத்தில். தஞ்சை, திருவாரூர் வயல்களில் நடவுப் பருவத்துக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வருகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, நட்டு முடித்ததும் அடுத்த ஊருக்குப் போகிறார்கள்.